கட்டிய கலத்தின் இழுவையும் கட்டாத காற்றின் விரைவும்

நாற்புறமும் கடல் சூழ்ந்த ஏழ்தாழைத் தீவின் தலைநகராகிய முத்துறையிலிருந்து, அத்தீவை ஆண்டருளும் பெருந்தேவி ஆழிச்செல்வியாரின் திருவுளம் அறிந்து, அவர்தம் கடல்துறை அமைச்சன் தாழையூர்க் கிழான் நெடுஞ்சாத்தன் எழுதுவது. மலைவளமும் வயல்வளமும் குறைவின்றிப் பொலியும் பொன்வரை நாட்டுக்கு உடையவரும், எண்டிசையும் வென்றவரும், ஏழ்கடலும் உழுதவரும், அண்மையில் காற்றையும் அடிமை கொண்டதாகத் தம் அரண்மனை வாயிலில் கல்லில் வெட்டுவித்தவருமாகிய மாவிறல் கண்டனார் திருமுன் இவ்வோலை வைக்கப்படுக.

தேவரீர் நாட்டில் மழை பருவம் தவறாது பெய்க. ஏரிகள் நிறைக. களத்துமேட்டில் நெல் குவிக. கோமுகப் பட்டினத்து மக்கள் நோயின்றி வாழ்க. இவ்வாழ்த்துகள் உள்ளன்போடு சொல்லப்பட்டவை. அம்மக்கள் எமக்கு ஒரு தீங்கும் செய்தாரில்லை. தேவரீருக்கென்று தனியே ஒரு வாழ்த்தும் எழுத முயன்றோம். இரண்டு ஓலை நறுக்குகள் வீணாயின. ஆகவே பொருளுக்கு வருகிறோம்.

சென்ற வளர்பிறைப் பத்தாம் நாள் தேவரீர் விடுத்த ஓலை எம்மிடம் வந்து சேர்ந்தது. வரும் முழுநிலா நாளில் பன்னிரண்டு போர்க்கலங்கள் தேவரீர் கரையை விட்டுப் புறப்படும் என்றும், இடைப்பட்ட பதினெட்டுக் காதத்தையும் காற்றின் வலிமை ஒன்றினாலேயே ஒரு பகலில் கடக்கும் என்றும், அன்று மாலை விளக்கேற்றும் முன் முத்துறைக் கோட்டையின் திறவுகோலை வெள்ளித் தட்டில் வைத்து ஒப்படைக்க வேண்டும் என்றும், மறுத்தால் ஊர் எரியும் என்றும் அதில் கண்டிருந்தது. மறுமொழி காலந்தாழ்ந்ததற்குப் பொறுத்தருள்க. கலங்கள் வருமென்று காத்திருந்தோம். வெள்ளித் தட்டையும் துலக்கி வைத்தோம். அவை வரவில்லை. ஆகவே நாங்களே போய் அழைத்து வந்தோம்.

இது நிகழ்ந்த வகையைத் தேவரீருக்கு முழுவதும் எடுத்துரைப்பது கடமை என்று எம் அரசியார் கருதுகிறார். தேவரீரைச் சூழ்ந்திருப்போர் எவரும் அதைச் சொல்லமாட்டார்கள் என்பது அடியேனுக்குத் தெரியும். ஓராண்டுக் காலம் அந்த அவையில் தூதனாக அமர்ந்திருந்தவன் அடியேன்.

அந்த ஓராண்டின் முடிவில் ஒருநாள் காலை, கோமுகத் துறைக்கு வந்து ஒரு விந்தையைக் காணுமாறு தேவரீர் அழைப்பு விடுத்தது நினைவிருக்கும். அவையின் பெருங்கணியராகிய பூதங்கண்ணனார் அங்கே ஒரு போர்க்கலத்தைப் பின்புறம் வடமிட்டுக் கட்டியிருந்தார். அவ்வடம் கரையில் நட்ட கல்தூணின் கப்பி வழியே சென்று ஒரு பெருங்கூடையைத் தாங்கி நின்றது. பின்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. பாயை விரித்ததும் கலம் முன்னே பாய முயன்றது. கூடை மேலே எழுந்தது. ஏவலர் கூடையில் கல்மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினர். இருபத்தேழாம் மூட்டை ஏறியபோது கலம் முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றது. ஆக, அந்தக் காற்றில் அந்தப் பாய் இழுக்கும் இழுவை இருபத்தேழு மூட்டைப் பாரம் என்று தெரிந்தது. இது மெய்யான அளவை. அடியேன் அதில் குறை காணவில்லை.

அடுத்து, காற்றின் விரைவை அறிய வேண்டி இலவம்பஞ்சைக் கடற்கரையில் பறக்கவிட்டு, அதன் பக்கத்திலேயே ஒரு குதிரை வீரனை ஓடச் செய்தார். முதல் மூன்று முறை பஞ்சு முந்தியது. நான்காம் முறை குதிரை வெருண்டு கடலுக்குள் இறங்கியது. ஐந்தாம் முறை இரண்டும் இணையாக ஓடின. கணியர் நாழிகை வட்டிலைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இதுவும் மெய்யான அளவையே. அந்தக் குதிரைவீரனைப் போல் உண்மையாக உழைத்தவர் அன்று அந்தத் துறையில் வேறெவரும் இலர்.

பிறகுதான் பூதங்கண்ணனார் அந்த இரண்டையும் பெருக்கினார். இருபத்தேழு மூட்டைப் பாரத்தைக் காற்றின் விரைவில் நாள் முழுவதும் இழுத்துச் செல்ல எத்தனை துடுப்பாளர் வேண்டும் என்று கணக்கிட்டு, நானூற்றைந்து பேர் என்று அறிவித்தார். ஒரு பாய் நானூற்றைந்து பேரின் வேலையைச் செய்கிறது என்று கேட்டதும் அவை ஆரவாரித்தது. ஒரு பாய்க்கு நானூற்றைந்து பேர் வலி இருக்க, கலத்துக்கு அறுபது துடுப்பாளரை ஏன் சுமக்க வேண்டும் என்று தேவரீர் வினவினீர். அன்றே கணியருக்கு வளியளந்தான் என்னும் பட்டம் கிடைத்தது. பன்னிரண்டு கலங்களிலும் இருந்த எழுநூற்றிருபது துடுப்பாளரும் இறக்கப்பட்டு, தேவரீரின் திருவுருவம் செய்யக் கல் வெட்டும்படி மலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் இருந்த இடத்தில் கூடுதல் வீரர்களும், முத்துறைத் துறைமுகத்தில் நாட்டுவதற்கான வெற்றித் தோரணமும், முன்பே செய்து முடித்த திருவுருவம் ஒன்றும் ஏற்றப்பட்டன. ஒரே பகலில் போய்ச் சேரும் கலத்துக்கு மிகுதியான தண்ணீர் எதற்கு என்று, இரண்டு நாளுக்கு மேற்பட்ட நீர்ச்சால்கள் அனைத்தும் கரையிலேயே விடப்பட்டன.

கணியர் பெருக்கி முடித்தபோதே அடியேன் எழுந்து நின்றதும் தேவரீர் நினைவில் இருக்கும். அன்று அடியேன் சொன்னதை அதே சொற்களில் இங்கே எழுதுகிறேன், அன்று சிரிப்பொலியில் அது தேவரீர் செவிக்கு எட்டாமற் போயிருக்கக்கூடும் ஆதலால்.

"கட்டிவைத்த கலத்தின் இழுவையையும் கட்டாத காற்றின் விரைவையும் பெருக்குகிறீர்கள். கட்டை அவிழ்த்துக் கலம் காற்றோடு ஓடத் தொடங்கினால் அந்த இழுவை இராது. பாய்க்குப் பின்னால் நிற்கிறவன் முதுகில் படும் காற்றே குறைந்துபோகும். எந்தப் பரதவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்."

பரதவரைக் கேட்க வேண்டிய நிலைக்குத் தேவரீரின் அவை தாழ்ந்துவிடவில்லை என்று விடை வந்தது. தீவுக்காரன் அஞ்சுகிறான் என்று தேவரீர் அருளினீர், அதுவும் பொய்யன்று. அந்தக் கலங்களின் தலைவராகிய ஏனாதி நெடுங்கடம்பனார் மட்டும் சிரிக்கவில்லை. கலத்துக்கு இருபது துடுப்பாளரையாவது விட்டுவைக்குமாறு அவர் வேண்டினார். அது காற்றை இழிவு செய்வதாகும் என்று சொல்லித் தேவரீர் மறுத்தீர். காற்றின் மானத்தைக் காக்க ஓர் அரசர் எழுந்ததை அடியேன் அன்றுதான் கண்டேன். மறுநாள் அச்சுறுத்தும் ஓலையை அடியேன் கையிலேயே கொடுத்து அனுப்பினீர். பத்துத் துடுப்பாளரும் ஒரு சிறு பாயும் கொண்ட எளிய படகில் இரண்டே நாளில் ஊர் வந்து சேர்ந்தேன்.

எம் அரசியார் ஓலையைப் படித்துவிட்டு அடியேனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அவர்கள் கணக்கு தவறு என்று நீ நம்புகிறாயா, அறிந்திருக்கிறாயா என்பதே அது. நம்புகிறேன் என்றேன். ஊரைக் காலிசெய்து, கிழவரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கழனிகளில் முற்றிய கதிரையும் விட்டு மலைக்காட்டுக்குள் ஓடுவதா வேண்டாமா என்பதை ஒருவனுடைய நம்பிக்கையை வைத்து முடிவுசெய்ய இயலாது என்று அவர் சொன்னார். உடனே துறைத்தலைவி வெண்கோதையை அழைத்துவரச் செய்தார்.

வெண்கோதை என்பவர் எம் துறையில் நுழையும் கலம் ஒவ்வொன்றையும் நிறுத்தி, எவ்வளவு பாரம் ஏற்றலாம், எந்தப் பாயை விரிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்பவர். கைவிரல்கள் வடம் உராய்ந்து காய்த்தவை. அவையில் உட்காரச் சொன்னால் கால்மாற்றி நிற்பார். அவர் ஓலையைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் தாருங்கள் என்றார்.

அந்த ஒரு நாளில் அவர் செய்ததைத் தேவரீர் சற்றே பொறுமையோடு கேட்டருள வேண்டும். மல்லரும் கூத்தரும் இல்லாத காட்சிதான். காற்றே இல்லாத விடியற்காலையில், பாய் இல்லாத ஒரு படகை வடத்தால் கட்டி, உயர்ந்த கப்பியிலிருந்து கல்மூட்டைகளைக் கீழே இறங்கவிட்டு அப்படகை இழுக்கச் செய்தார். எத்தனை மூட்டை இழுத்தால் படகு எவ்வளவு விரைவாகப் போகிறது என்று குறித்துக்கொண்டார். நடுப்பகலில் காற்று எழுந்ததும் அதே படகில் பாய் விரித்து ஓடினார். படகின் முன்முனையில் ஒரு மரச்சில்லை நீரில் போட்டு, அது பின்முனையைக் கடக்கும் காலத்தை எண்ணி விரைவை அறிந்தார். விரைவு தெரிந்ததும், அந்த விரைவுக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்பது காலையிலேயே தெரிந்திருந்தது. ஓடும் படகின் பாய் எவ்வளவு இழுக்கிறது என்பதை இவ்வாறு அவர் கண்டார்.

மாலையில் அவைக்கு வந்து அவர் சொன்னதன் சாரம் இது. கலம் கட்டுண்டு நிற்கையில் பாய் இருபத்தேழு மூட்டை இழுத்தது என்று கொள்வோம். அப்போது கலம் ஓர் அடியும் நகரவில்லை. ஆகையால் பயன் ஒன்றும் இல்லை. கலம் காற்றுக்கு நிகரான விரைவில் ஓடுமானால், பாயின்மேல் காற்றே படாது. இழுவை ஒன்றும் இல்லை. இரண்டு முனையிலும் கிடைப்பது சுழி. நடுவில்தான் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். காற்றின் விரைவில் மூன்றில் ஒரு பங்கு விரைவில் கலம் ஓடும்போது மிகுதியாகக் கிடைக்கிறது. அந்நேரம் இழுவை பன்னிரண்டு மூட்டை. பன்னிரண்டை மூன்றில் ஒன்றால் பெருக்கினால் நான்கு. கணியரோ இருபத்தேழை ஒன்றால் பெருக்கினார். ஆகவே, அவர் இருபத்தேழு பங்கு இருப்பதாகச் சொன்ன இடத்தில் உள்ளது நான்கு பங்கு. நானூற்றைந்து பேர் என்றது அறுபது பேர்.

அறுபது பேர். தேவரீர் ஒவ்வொரு கலத்திலிருந்தும் இறக்கியது எத்தனை பேரை என்று நினைவுகூர்ந்தருள்க.

வெண்கோதை அத்தோடு நிறுத்தவில்லை. அதுவும் கோமுகத் துறையில் அன்று வீசிய பலத்த காற்றுக்குத்தான் என்றார். காற்றின் விரைவு பாதியானால் இழுவை கால் பங்காகிறது. கலத்தின் ஓட்டமும் பாதியாகிறது. இரண்டும் சேர, கிடைக்கும் வலிமை எட்டில் ஒன்றாகிறது. அறுபதில் எட்டில் ஒன்று ஏழரை. முழுநிலா கழிந்த மறுநாள், மேற்கிலிருந்து வீசும் கோடைக்காற்று பாதியாகக் குறையும், மூன்றாம் நாள் நின்றேபோகும். ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் அப்படித்தான், இரு கரைப் பரதவரும் அந்நாளில் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள் என்றும் சொன்னார். தேவரீரின் நிமித்திகர்கள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்து அருளியமைக்கு எம் தீவு நன்றி கூறுகிறது. எண்பது வீரரையும் ஒரு தோரணத்தையும் சுமந்த கலத்துக்கு ஏழரை ஆள் துணை என்று கேட்டபோது எம் அவையோர் சிரித்தனர்.

வெண்கோதை சிரிக்கவில்லை. "அவர்களிடம் இரண்டு நாள் தண்ணீர்தான் இருக்கிறது என்று தூதர் சொல்கிறார். அவர்கள் பாதிக்கடலில் நிற்பார்கள். துடுப்பும் இல்லை" என்றார்.

எம் படைத்தலைவர் எழுந்து, நின்றுபோன கலங்களைத் தீயம்புகளால் எரிக்க இதைவிட நல்ல வாய்ப்பு இனி எந்நாளும் வாய்க்காது என்று எடுத்துரைத்தார். அவர் சொன்னது படைநூலுக்கு ஒத்ததே. அவர் தமையன் முன்பு தேவரீரின் படையால் இறந்தவர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அதன்பின் எம் அரசியார் சொன்னது அவையேட்டில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

"தாகத்தில் கிடப்பவன்மேல் அம்பு எய்வதற்கு எனக்கு ஒரு படை வேண்டாம். மீன்படகுகளில் தண்ணீர் ஏற்றுங்கள்."

ஊரைக் காலிசெய்ய வேண்டாம் என்றும் அவரே ஆணையிட்டார். வெண்கோதையின் அளவை பிழைத்திருந்தால் முத்துறை எரிந்திருக்கும். அதை அறிந்தே ஆணையிட்டார். முழுநிலா நாள் மாலை அவர் கோட்டை மதில்மேல் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அடியேனும் உடன் நின்றேன். நம்புகிறாயா அறிந்திருக்கிறாயா என்று அவர் மீண்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாய் ஒன்றும் தென்படவில்லை. மூன்றாம் நாள் காலை, கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியதும், வெண்கோதை நாற்பது மீன்படகுகளைத் துடுப்பு வலித்து அழைத்துச் சென்றார். அடியேனும் சென்றேன்.

ஐந்தாம் நாள் காலையில், ஏறத்தாழ நடுக்கடலில், அவற்றைக் கண்டோம். பன்னிரண்டு கலங்களும் பன்னிரண்டு திசையைப் பார்த்து நின்றன. எண்டிசை வென்ற வேந்தரின் படை இன்னும் நான்கு திசைகளைத் தேடிப் பிடித்திருந்தது போலும். கிட்டே போனபோது அந்தச் சிரிப்பும் அடியேனை விட்டு அகன்றது. வீரர்கள் வெற்றித் தோரணத்தைப் பிளந்து, அந்தப் பலகைகளால் நீரைத் தள்ளிக்கொண்டிருந்தனர். கைகள் பிய்ந்திருந்தன. ஒரு பலகையில் மாவிறல் என்னும் எழுத்துகள் பொன்பூச்சோடு மின்னிக்கொண்டு நீருக்குள் போய்வந்தன. அதைப் பிடித்திருந்தவனுக்கு எங்களைப் பார்த்து எழுந்து நிற்கவும் வலு இல்லை.

ஏனாதி நெடுங்கடம்பனார் தம் வாளை உறையோடு கழற்றி இரு கையாலும் நீட்டினார். அது அப்புறம் இருக்கட்டும் என்று வெண்கோதை சொல்லிவிட்டு, நனைத்த துணியை முதலில் அவர் உதட்டில் வைத்தார். எவருக்கும் சாலோடு தண்ணீர் கொடுக்க விடவில்லை. ஒவ்வொரு வாயாக, இடைவெளி விட்டு விட்டுக் கொடுக்கச் செய்தார். எம் படைத்தலைவரும் அன்று குவளை ஏந்தி நின்றார். அவர் என்ன நினைத்தார் என்று அடியேன் கேட்கவில்லை.

பிறகு நெடுங்கடம்பனார் நடந்ததைச் சொன்னார். முதல்நாள் நல்ல காற்று. மரச்சில்லைப் போட்டு அவரும் விரைவைப் பார்த்திருக்கிறார். அன்று மாலைக்குள் பதினெட்டுக் காதம் போயிருக்க வேண்டிய கலம் ஆறு காதம் வந்திருந்தது. சரியாக மூன்றில் ஒரு பங்கு. மறுநாள் மூன்று காதம். அதன்பின் ஒன்றுமில்லை. வீரர்களுக்கு நீரைப் பங்கிட்டுத் தாம் கடைசியில் குடித்தவர் அவர். தலைமைக் கலத்தில் வந்திருந்த பெருங்கணியரைச் சிலர் கடலில் எறிய முனைந்தபோது குறுக்கே நின்று காத்தவரும் அவரே. தேவரீருடைய திருவுருவத்தை எறிய முனைந்தபோது அவர் குறுக்கே நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆயினும் அதைத் தூக்கும் வலு எவருக்கும் இருக்கவில்லை. ஆகையால், எம் மீன்படகுகள் வடமிட்டு இழுத்துவந்த கலங்களோடு அதுவும் பத்திரமாக எம் துறைக்கு வந்து சேர்ந்தது. அதன் நீட்டிய கை உறுதியாக இருப்பதால் பரதவப் பெண்கள் அதில் வலை உலர்த்துகிறார்கள்.

வந்தவர் தொள்ளாயிரத்து அறுபது பேர். எம் துறையில் உயிரோடு இறங்கியவர் தொள்ளாயிரத்து ஐம்பத்தொருவர். ஒன்பது பேர் உப்புநீரைக் குடித்து இறந்துபோயினர். அவர்களில் இருவர் எங்கள் படகுகளைக் கண்ணால் கண்டபின் இறந்தவர்கள். அவர்களுக்கு நெடுங்கடம்பனார் முன்னின்று, தேவரீர் நாட்டு முறைப்படியே ஈமக்கடன் செய்விக்கப்பட்டது.

பெருங்கணியர் பூதங்கண்ணனார் தேறி எழுந்ததும், வெண்கோதை அவரைத் தம் படகில் ஏற்றி, அதே சோதனையை அவர் கண்முன் மீண்டும் செய்துகாட்டினார். கட்டிய படகில் அவர் மேலாடை முன்னே படபடத்தது. கட்டை அவிழ்த்துப் படகு காற்றோடு ஓடத் தொடங்கியதும் ஆடை மெல்லத் தாழ்ந்து உடலோடு படிந்தது. அவர் தம் ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும், இது எனக்குத் தெரியும் என்றார்.

அவையில் எம் அரசியார் முன் அவர் சொன்னதைத் தேவரீருக்கு எழுதாமல் விட அடியேனுக்கு உரிமை இல்லை. கோமுகத் துறையின் விந்தைக்கு நான்கு நாள் முன்னரே, அவர் ஓடும் கலத்தில் ஏறி அளந்து, ஒரு பாய் நல்ல காற்றில் அறுபது துடுப்பாளருக்கு நிகர் என்று ஓலையில் எழுதித் தேவரீரிடம் கொடுத்தாராம். அதைப் பார்த்துத் தேவரீர், என் பாய்க்கு அறுபது பேர்தானா என்று முகம் சுளித்தீராம். மறுநாள் கணியரின் இருக்கை இரண்டு வரிசை பின்னால் போடப்பட்டிருந்ததாம். அன்றிரவே அவர் கட்டிய கலத்தின் இழுவையையும் கட்டாத காற்றின் விரைவையும் எடுத்தார். இரண்டும் மெய்யான அளவைகள். இரண்டையும் பெருக்கி ஒரு பொய்யைப் பெற்றார். தேவரீர் முகம் மலர்ந்தது. இருக்கை முன்னால் வந்தது.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, இனித் தம்மை இத்தீவிலேயே இருக்கவிடுமாறு அவர் எம் அரசியாரைக் கெஞ்சினார். தம் வாழ்நாளில் இப்போதுதான் ஒரு நேர்மையான அளவையைக் கண்டதாகவும் சொன்னார். அந்தப் புகழுரைக்கு வெண்கோதை மயங்கவில்லை.

"கணக்குத் தெரியாமல் தவறியிருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பேன். தெரிந்தே மாற்றியவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டார்.

அரசியார் அவர் வேண்டுகோளை ஏற்கவில்லை. ஆயினும் அவரை வைய வேண்டாம், அடிக்க வேண்டாம் என்று ஆணையிட்டார். இருக்கை பின்னால் போவதற்கு அஞ்சும் கணியர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எம் அவையிலும் இருக்கக்கூடும் என்று சொல்லி அவையைச் சுற்றிப் பார்த்தார். எங்களில் சிலர் கீழே பார்த்தோம்.

தேவரீர், அடியேன் இதுவரை எழுதியதில் ஏளனம் கலந்திருந்தால் அது அடியேனுடையது. இனி வருவது எம் அரசியாரின் ஆணை; அதில் ஏளனம் இல்லை.

பன்னிரண்டு கலங்களும் முத்துறையில் பழுதின்றி நிற்கின்றன. அவை எமக்கு வேண்டாம். வீரர்கள் எம் மக்கள் வீடுகளில் உண்டு உறங்குகிறார்கள். அவர்களும் சிறையாளர் அல்லர். கலங்களைத் திருப்பிக் கொண்டுபோக, மலையில் கல் வெட்டும் எழுநூற்றிருபது துடுப்பாளரையும் தேவரீர் அழைத்து, போய் வாருங்கள் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். ஏவக்கூடாது; வேண்டிக்கொள்ள வேண்டும். அவர்கள் உடன்பட்டு வந்தால் கலங்கள் திரும்பும். நீர்ச்சால்களை நாங்களே நிரப்பித் தருவோம். பத்து நாளுக்குரிய நீர்.

இறந்த ஒன்பதின்மரின் பெயரும் ஊரும் நெடுங்கடம்பனார் சொல்லச் சொல்ல எழுதிய நறுக்கு இவ்வோலையோடு கோக்கப்பட்டிருக்கிறது. முதலில் நிற்பவன் பாலைக்குறிச்சி ஊரினன், வேட்டன் என்னும் பெயரினன், மணமாகி நான்கு திங்கள் ஆனவன். கடைசியில் நிற்பவர் ஆய்க்குளத்து மூத்த வில்லாளி கிள்ளியார். தம் பங்கு நீரை மற்றவனுக்குக் கொடுத்தவர். இந்த ஒன்பது வீட்டுக்கும் தேவரீர் நேரில் செல்ல வேண்டும். யானைமேல் அன்று, கால்நடையாக. நெடுங்கடம்பனாரோடும் இவ்வோலையோடும் வரும் பூதங்கண்ணனாரை உடன் அழைத்துக்கொண்டு போக வேண்டும். அவர் முதலில் எழுதிக் கொடுத்த ஓலையைக் கையில் கொண்டுபோக வேண்டும். அதை எரித்துவிட்டிருந்தால் வெண்கோதை ஒன்று எழுதித் தந்திருக்கிறார். அதிலும் அறுபது என்றே இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, இந்த எண் எனக்கு முன்பே தெரியும், இது சிறிதாக இருந்ததால் நான் இதை விரும்பவில்லை என்று தேவரீர் தம் வாயால் சொல்ல வேண்டும். காற்று குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லக்கூடாது.

நெடுங்கடம்பனார் கூடவே வந்து ஒன்பதையும் எண்ணுவார்.

இவ்வோலை தாழையூர்க் கிழான் நெடுஞ்சாத்தன் கையெழுத்து. அரசியார் முன்னிலையில் படித்துக் காட்டி, வெண்கோதை எண்களைச் சரிபார்த்து, சங்கு பொறித்த அரக்கு முத்திரை இட்டது. தேய்பிறைப் பதினோராம் நாள் முற்பகல், முத்துறைக் கோட்டையில். படித்தவர் படித்தபடி செய்க. செய்தபின் மறுமொழி வேண்டியதில்லை. அந்த ஒன்பது வீட்டிலிருந்து எமக்குச் செய்தி வந்துவிடும்.